கொக்கின் வெண்மையும் கமராவின் கணக்கும்

வெண்கொக்கு ஒன்று வயல் வரம்பிலே நிற்கின்றது. காலை வெயில் அதன் முதுகில் விழுகின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு அது பாலின் நிறம். கமரா தந்த படத்திலோ சாம்பல் பூசியதுபோல் காட்சியளிக்கின்றது. வேறொரு படத்தில், இறகு ஒன்றேனும் புலப்படாமல் சுண்ணாம்புத் துண்டுபோல் வெளிறிக் கிடக்கின்றது. கருவி பழுதோ என்று ஐயுறுவோர் பலர். பழுது கருவியில் இல்லை.

கமராவினுள் இருக்கும் ஒளிமானி விசித்திரமான ஒரு கணக்கன். கொக்கையும் காகத்தையும் அது நிறத்தால் வேறுபடுத்தி அறியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கொண்டு ஒளியை அளக்கும். கொக்கு படச்சட்டத்தை நிரப்பி நின்றால், ஒளி மிகுந்துவிட்டதென எண்ணிக் குறைத்துவிடும்; வெண்மை மங்கும். அதே கொக்கு கரிய சேற்றின் நடுவே சிற்றுருவாய் நின்றால், சேற்றின் பொருட்டு ஒளியைக் கூட்டும்; வெண்மை வெளிறிப் போகும். ஆகவே முன்னதில் ஒளியைக் கூட்டியும், பின்னதில் குறைத்தும் திருத்த வேண்டும். ஒரே பறவை, ஒரே வெயில், திருத்தங்களோ எதிரெதிரானவை! வெளிச்சமான வானிலே பறக்கும் காகத்துக்கு ஒரு படியோ இரு படியோ கூட்டுதல் நன்று. ஒரு படி என்பது ஒளியை இரு மடங்காக்குதல். வெள்ளைப் பறவையில் ஐயம் எழுந்தால் சற்றுக் குறைவாக விடுவதே மேல். டிஜிற்றல் படத்தில் இருண்ட இறகைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். முற்றாக வெளிறிய இறகை மீட்க வழியில்லை.

இனி, பறக்கும் பறவை. மன்னார்த் தாம்போதிக்கு அண்மையில் வங்காலைச் சரணாலயம் உண்டு. 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். வடகீழ்ப் பருவக் காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டமாக மேய்வதுண்டு. சூரியன் எழுந்த சிறிது நேரத்தில், ஷட்டர் வேகம் செக்கனில் 250இல் ஒரு பங்கு, துவாரம் எப் 8, உணர்திறன் 400 என ஒருவர் அமைத்திருக்கிறார் என்று கொள்வோம். நிற்கும் நாரைக்கு இது போதும். திடீரெனக் கூட்டம் எழுகின்றது. சிறகெல்லாம் கலங்கிய புகையாகிவிடும். அதற்கு 2000இல் ஒரு பங்காவது வேண்டும். அப்போது ஒளி எட்டில் ஒன்றாய்ச் சுருங்கும். அந்த நட்டத்தை எங்கே ஈடுசெய்வது? துவாரத்தை எப் 5.6 ஆக விரித்தால் இரு மடங்கு ஒளி கிடைக்கும். உணர்திறனை 1600 ஆக்கினால் நான்கு மடங்கு. கணக்குச் சரி.

உணர்திறன் கூடினால் படத்தில் மணல் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றும் என அஞ்சுவோர் உளர். அஞ்சத் தேவையில்லை. புள்ளியைக் கண் பொறுத்துக்கொள்ளும். கலங்கிய பறவைக் கண்ணைப் பொறுக்காது. பிலிம் காலத்தில் ஒரு சுருள் முடியும்வரை ஒரே உணர்திறன்தான். இன்று படத்துக்குப் படம் மாற்றலாம். 1882ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் மாரே, துப்பாக்கி வடிவிலமைந்த கமராவால் செக்கனுக்கு 12 படங்கள் பிடித்தார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த நேரம் செக்கனில் 720இல் ஒரு பங்கு. பறவையைக் குறிவைத்தும் சுடாத அம்மனிதரைக் கண்டு நேப்பிள்ஸ் நகரத்தார் பித்தரென்றே எண்ணினராம்.

கூட்டம் எழும்பட்டும் என்று கல்லெறிவோரும் கை தட்டுவோரும் உளர். இது தகாத செயல். நெடுந்தூரம் பறந்துவந்த பறவை இரைதேடும் நேரத்தைப் பறித்தே அந்தப் படம் பிடிக்கப்படுகின்றது. வாகனத்திலிருந்து இறங்காமல், கண்ணாடியைத் தாழ்த்தி, 2000இல் ஒரு பங்கை முன்னரே அமைத்துக் காத்திருப்பவருக்குப் பறவைகள் தாமாகவே எழும் வேளை வாய்க்கும். வெயில் நன்றாக ஏறியபின் துவாரத்தை எப் 8க்கும் உணர்திறனை 400க்கும் கொண்டுவரலாம். ஷட்டரின் வேகத்தை மாத்திரம் தொட வேண்டியதில்லை.