மேல லைன் போயிருச்சாம்

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியோட 1989 பதிப்புல அதிக அர்த்தம் இருந்த வார்த்தை 'செட்'. 430 அர்த்தம். ஆனா எங்க ஊர்ல ஓட்டு வச்சா 'லைன்'தான் ஜெயிக்கும். எங்க ஊரு தேவாரம். தேனி மாவட்டத்துல போடிக்கும் கம்பத்துக்கும் நடுவுல, மலை அடிவாரம்.

கரண்ட் போனா "லைன் போயிருச்சு". வந்து சரி பண்றவரு லைன்மேன். ரேஷன் கடையில லைன். காலேஜ் பஸ்ல ஒரு பையன் திரும்பித் திரும்பிப் பாத்தா லைன் விடுறான். வட்டிக்கு விட்ட காசை வசூல் பண்றவரு, பைக்கை எடுத்துட்டு "லைனுக்குப் போறேன்"னு கிளம்புவாரு. அப்புறம் ரயில் லைன். மதுரை–போடி லைனை 2010 கடைசியில அகலப்பாதை ஆக்குறோம்னு மூடினாங்க. போடிக்குத் திரும்ப ரயில் வந்தது 2023 ஜூன்ல. ஸ்கூல்ல பாதி ரயிலைப் பாத்தவங்க, கல்யாணம் ஆகி மீதி ரயிலைப் பாத்தாங்க. அதுவும் போடியோட நின்னுரும், எங்களுக்குக் கிடையாது.

இத்தனைக்கும் மூலம் ஒரு நூல்தான். லத்தீன்ல 'லீனியா'ன்னா ஆளிச்செடி நாருல திரிச்ச நூல். நீங்க கல்யாணத்துக்குப் போடுற லினன் சட்டையும் அதே குடும்பம்தான். நூலை இழுத்துப் பிடிச்சா கோடு. கோடு மாதிரி ஆளு நின்னா வரிசை. பிரிட்டிஷ்காரங்க காலத்துல பட்டாளத்துக்காரங்க குடியிருப்பை வரிசையாக் கட்டுனாங்க, அதுக்கும் 'லைன்ஸ்'னு பேரு வந்துச்சு. போலீஸ் லைன் அப்படி வந்ததுதான். தோட்டத் தொழிலாளிகளுக்கும் அதே மாதிரி வரிசையாக் கட்டி, அதே பேரை வச்சாங்க.

இந்த லைன் வீட்டைப் பத்திப் பேசத்தான் இன்னைக்கு வந்தேன். எங்கம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க. உடும்பஞ்சோலைப் பக்கம், கேரளாவுல. தினம் ஜீப்புல போயிட்டு வரலாம், ஆனா போடிமெட்டோ கம்பம்மெட்டோ சுத்தித்தான் போகணும். (சாக்குலூத்து மெட்டு வழியா ரோடு போட்டா கிட்டக்க. அதை ரொம்ப வருஷமாக் கேட்டுட்டே இருக்கோம்.) அதனால காயெடுப்பு சீசன்ல நெறைய பேரு மேலேயே தங்கிருவாங்க. ஒரே நீளக் கூரை, நடுநடுவுல சுவரு, ஆளுக்கு ஒரு ரூமு, ஒரு அடுப்படி. முதல் வீட்டுல மொளகா வறுத்தா கடைசி வீட்டுல இருமுவாங்க.

நான் சென்னைக்கு வேலைக்கு வந்த புதுசுல, அம்மா போன் பண்ணி "லைன்லதான் இருக்கேன்"னு சொல்லும். ஹாஸ்டல் பிள்ளைங்க, "லைன்ல இருக்காங்கன்னா பேசு, ஏன் வச்சுட்டே?"ம்பாங்க. நான் விளக்கமாச் சொன்னதே இல்ல. எங்கம்மா எந்த லைனைச் சொல்லுதுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. இப்ப யோசிச்சா அந்தக் கூச்சந்தான் வெக்கமா இருக்கு.

2020. கொரோனால செக்போஸ்ட்டை மூடினப்ப மேல மாட்டுனவங்கள்ல அம்மாவும் ஒண்ணு. ஆகஸ்ட்ல இடுக்கி முழுக்க பேய் மழை. 7ஆம் தேதி காலையில பக்கத்து வீட்டு அத்தை போன் பண்ணுச்சு. "பாப்பா, மேல லைன் போயிருச்சாம்." அவ்வளவுதான், கட் ஆயிருச்சு. திரும்பப் போட்டாப் போகல. அம்மா நம்பர் சுவிட்ச் ஆஃப்.

சரி, கரண்ட்டுதான்னு நெனச்சுக்கிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு மலையாள சேனல்ல இடுக்கின்னு ஓடுது. மண்சரிவு. திரும்பத் திரும்ப 'லயம்', 'லயம்'ங்கிறாங்க. எனக்கு லயம்னா பாட்டுல தாளத்தோட வர்றதுதான் தெரியும். கூட இருந்த மலையாளிப் பொண்ணுகிட்டக் கேட்டேன். "எஸ்டேட் தொழிலாளிங்க வீடு, வரிசையா இருக்குமே, அது"ன்னா. லைன்தான் அங்க லயம் ஆயிருக்கு. இலங்கை மலையகத்துலயும் லயம்னுதான் சொல்லுவாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்பத்தான் அத்தை சொன்னது வேற மாதிரி கேட்டுச்சு. லைன் போயிருச்சுன்னா, எந்த லைன்?

மத்தியானம் ரெண்டரை வரைக்கும் எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் ஏதோ ஒரு நம்பர்ல இருந்து அம்மா. "லைன் போயிருச்சுப்பா, ரெண்டு நாளா சார்ஜ் இல்ல. சாப்ட்டியா?"ன்னுச்சு.

டிவியில காட்டுன இடம் மூணாறு பக்கத்துல பெட்டிமுடி. ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிஞ்சு நாலு லயத்தை மூடிருச்சு. 70 பேரு போயிட்டாங்க, அதுல நாலு பேரைக் கண்டே பிடிக்கல. பெரும்பாலும் தமிழ் ஆளுங்க, தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கத்துல வேரு உள்ளவங்க. அன்னைக்கு அங்க கரண்ட்டும் இல்ல, போனும் இல்ல. விடிஞ்சுதான் வெளியே தெரிஞ்சது. எனக்கு வந்த மாதிரி ஒரு போன், கயத்தாறுல எத்தனை வீட்டுக்கு வந்திருக்கும். அங்கெல்லாம் லைன் போயிருச்சுன்னா ஒரு அர்த்தந்தான்.

அம்மா இப்பவும் வேலைக்குப் போகுது, ஆனா மேல தங்குறதில்ல. விடியக்காலம் ஜீப்பு, ராத்திரி வீடு. முட்டி வலிக்குதுன்னு திட்டிக்கிட்டே போகும். நேத்து போன் பண்ணி என்ன பண்றேன்னு கேட்டுச்சு. லைனைப் பத்திப் பேசப் போறேன்னேன்.

"எந்த லைனு?"ன்னு கேட்டுச்சு.