தொடங்க ஒருவர், நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அமெரிக்க ஜனாதிபதியின் போர் அதிகாரம். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நம் அங்கத்தினர்களில் பலருடைய பிள்ளைகளும் பெண்களும் அங்கே பிரஜைகளாகி வோட்டுப் போடுகிறார்கள். கட்டாய ராணுவ சேவை அங்கே 1973-லேயே நின்றுவிட்டது. ஆனால் தேவைப்பட்டால் படைக்கு ஆள் எடுப்பதற்கான பதிவேடு இன்னும் இருக்கிறது. அங்கே பிறந்த நம் பேரன்களின் பெயரும் 18 வயதில் அதில் ஏற வேண்டும். ஆகவே, போரைத் தொடங்க அந்த நாட்டில் யாருடைய சம்மதம் வேண்டும் என்ற கேள்வி நம் வீட்டுக் கேள்வியும்தான்.

1787-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு இங்கிலாந்து ராஜாவின் ஞாபகம் நன்றாக இருந்தது. ராஜா நினைத்தால் போர். அது கூடாது என்பதால், போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தைக் காங்கிரஸ் என்னும் சட்டசபையிடம் கொடுத்தார்கள். படைகளின் தலைமைத் தளபதி என்ற பொறுப்பை ஜனாதிபதியிடம் கொடுத்தார்கள். முதல் வரைவில் 'போர் செய்யும்' அதிகாரமே சட்டசபைக்கு என்று இருந்தது. மாடிசனும் ஜெர்ரியும் அதைப் 'போர்ப் பிரகடனம்' என்று மாற்றச் சொன்னார்கள். எதிரி திடீரென்று தாக்கினால் ஜனாதிபதி கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாதல்லவா? அதற்காக வைத்த சின்ன வாசல் அது. பிற்பாடு வந்த ஜனாதிபதிகள் அந்த வாசல் வழியாகவே பெரிய பெரிய படைகளை நடத்திச் சென்றார்கள்.

அமெரிக்கக் காங்கிரஸ் இதுவரை 11 முறைதான் போர்ப் பிரகடனம் செய்திருக்கிறது. கடைசியாகச் செய்தது 1942 ஜூனில். அதற்குப் பின் நடந்த போர்களோ உங்களுக்குத் தெரியும். 1950-ல் கொரியாவுக்கு ட்ரூமன் படை அனுப்பியபோது காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்கவே இல்லை. அந்தப் போரில் 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். 1964-ல் வியட்நாம் விஷயமாக ஜான்சன் காங்கிரஸைக் கேட்டார். டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று பிற்காலத்தில் வெளியான ஆவணங்கள் காட்டின. ஆனால் அன்று கீழ்சபையில் 416 பேரும் ஆதரவு, ஒருவர்கூட எதிர்க்கவில்லை. செனட்டில் 88 பேர் ஆதரவு, மோர்ஸ், க்ரூனிங் என்ற இருவர் மட்டும் எதிர்ப்பு. அந்தச் சம்மதத்தை வைத்து நடந்த போரில் 58,000 அமெரிக்கர்களும், அதைவிடப் பல மடங்கு வியட்நாமியர்களும் இறந்தார்கள்.

பட்ட பிறகு வந்த புத்தியாக, 1973-ல் போர் அதிகாரச் சட்டம் வந்தது. நிக்ஸன் தன் 'வீட்டோ' அதிகாரத்தால் அதைத் தடுத்தார். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வோட்டுடன் அந்தத் தடையை மீறி நிறைவேற்றின. படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும். 60 நாட்களுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் படையைத் திரும்ப அழைக்க வேண்டும். அதற்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. காகிதத்தில் நல்ல சட்டம்தான்.

நடைமுறையில் என்ன ஆயிற்று? 2011-ல் லிபியாவில் குண்டு வீசி 60 நாள் கடந்தபோது, தரைப்படை இறங்காததால் சட்டம் சொல்லும் 'சண்டை' இது அல்ல என்று ஒபாமாவின் அரசு விளக்கம் கொடுத்தது. குண்டு விழுந்த ஊர்க்காரனுக்கு இந்த வித்தியாசம் புரிந்திருக்குமா?

இதைவிட முக்கியமான இன்னொரு விஷயத்தை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 1973 சட்டப்படி, இரு சபைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டாலே ஜனாதிபதி படையை வாபஸ் பெற வேண்டும் என்று இருந்தது. 1983-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போகாத அத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பலனாக, போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானமும் போரை நடத்துபவரிடமே கையெழுத்துக்குப் போக வேண்டும். 2019-ல் ஏமன் போரில் அமெரிக்க உதவியை நிறுத்தும் தீர்மானத்தை இரு சபைகளும் நிறைவேற்றின. டிரம்ப் அதை வீட்டோ செய்தார். 2020-ல் ஈரான் பற்றிய தீர்மானத்துக்கும் அதே கதி. இரண்டு முறையும் மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. முன்னோர்கள் வைத்த ஏற்பாட்டில், போரைத் தொடங்கப் பெரும்பான்மை வேண்டும். இப்போதோ, தொடங்க ஒருவர் போதும். நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தராசு தலைகீழாகிவிட்டது.

நம் நாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். போருக்கு முன் பார்லிமெண்டின் ஒப்புதல் பெற வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்திலும் ஷரத்து இல்லை. ஆனால் இங்கே லோக்சபையில் ஒரு வோட்டில் தோற்றாலும் மந்திரிசபை போய்விடும்; 1999-ல் வாஜ்பாய் அரசு அப்படித்தான் கவிழ்ந்தது. அமெரிக்க ஜனாதிபதியை அப்படி இறக்க முடியாது. நான்கு வருஷப் பதவிக்காலத்தில் அவரை அசைப்பது மிகவும் கடினம். அதனால்தான் அங்கே முன்கூட்டியே பெறும் சம்மதம் அவ்வளவு முக்கியம்.

சட்டம் மட்டும்தான் கோளாறா? இல்லை. அங்கத்தினர்களின் தயக்கமும் பெரிய காரணம். ஆதரித்து வோட்டுப் போட்டுப் போர் தோற்றால் பழி வரும். எதிர்த்துப் போட்டு ஜெயித்தால் தேசபக்தி இல்லாதவர் என்ற பெயர் வரும். வோட்டே எடுக்காமல் இருப்பது சௌகரியம். 1999-ல் கொசோவோ போரை ஆதரிக்கும் தீர்மானத்துக்குக் கீழ்சபையில் கிடைத்தது 213-க்கு 213. சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆனால் செலவுக்குப் பணம் மட்டும் பின்னால் ஒதுக்கினார்கள்.

கௌரவ சபையில் பீஷ்மரும் துரோணரும் மௌனமாக இருந்தபோது, விகர்ணன் என்ற இளையவன் எழுந்து தர்மம் பேசினான் அல்லவா? 2001 செப்டம்பரில், பயங்கரவாதத் தாக்குதல் நடந்த மூன்றே நாளில், ஜனாதிபதிக்குப் பரந்த அதிகாரம் தரும் தீர்மானம் வந்தது. கீழ்சபையில் 420 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவரே. கொலை மிரட்டல்கள் வந்து, அவருக்குப் போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானத்தைக் காட்டிப் பிற்காலத்தில் ஆப்கானிஸ்தானுக்கு வெளியே பல நாடுகளில் தாக்குதல்கள் நடந்தன. 1964-ல் எதிர்த்த இருவரும் 1968 தேர்தலில் பதவி இழந்தார்கள். ஆனால் பார்பரா லீயை அவருடைய தொகுதி மக்கள் தேர்தலுக்குத் தேர்தல் திரும்ப அனுப்பினார்கள். தைரியமாக ஒரு பிரதிநிதி நிற்பதற்கு, பின்னால் நிற்கும் வாக்காளர்கள் வேண்டும்.

2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் மீது அமெரிக்கா குண்டு வீசியபோதும் காங்கிரஸின் முன்அனுமதி பெறப்படவில்லை. சில நாட்களில் செனட்டில் வந்த தடுப்புத் தீர்மானம் 47-க்கு 53 என்று தோற்றது. எந்தக் கட்சி ஆண்டாலும் கதை இதுதான். நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை.

அடுத்த முறை உங்கள் பிள்ளையோ பெண்ணோ போனில் பேசும்போது, க்ஷேமலாபம் விசாரித்த பிறகு ஒன்று கேளுங்கள்: "உங்கள் ஊர் காங்கிரஸ் அங்கத்தினர் யார்? போர் பற்றிய தீர்மானத்தில் அவர் எப்படி வோட்டுப் போட்டார்?" பதில் தெரியவில்லை என்றால், தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.