வைக்கோலைத் தின்பது யார்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அழுகல். "பேசுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. சுளிக்கட்டும். அழுகுவது அசுத்தம், அதைத் தொடுகிறவன் தாழ்ந்தவன் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாக நமக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது, அழுகல் என்றால் என்ன, அது எப்படி நடக்கிறது, அதைச் செய்வது யார் என்று விசாரித்துப் பார்த்ததுண்டா என்றால் இல்லை. விசாரித்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நான் காலேஜில் படித்தவனல்ல. புஸ்தகங்களை வாங்கியும் இரவல் கேட்டும் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி. நெல்லை நாம் தின்னுகிறோம், உடம்பில் ஒட்டுகிறது. வைக்கோலைத் தின்றால் ஒட்டுமா? ஒட்டாது. ஏன்? "மனிதனுக்கு நெல், மாட்டுக்கு வைக்கோல் என்று பகவான் பங்கிட்டு வைத்தான்" என்று சொல்லுவது பதிலாகாது. அது கேள்வியை மூடிப் புதைப்பதாகும். உண்மை என்னவென்றால், அரிசியிலுள்ள மாவுச்சத்தும் வைக்கோலிலுள்ள நாரும் ஒரே செங்கல்லால் கட்டியவை. அந்தச் செங்கல்லுக்குக் குளுக்கோஸ் என்று பெயர். வைத்தியசாலையில் நோயாளிக்கு ஏற்றுகிறார்களே, அதே சர்க்கரைதான்! வித்தியாசமெல்லாம் கட்டிய தினுசில் இருக்கிறது. மாவில் கற்களை ஒரே பக்கமாக வைத்துக் கோத்திருக்கிறது. நாரிலோ ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிக் கோத்திருக்கிறது. அதனால் இழைகள் நேராக நின்று, ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டு, தண்ணீர்கூட உள்ளே புக முடியாதபடி இறுகிவிடுகின்றன. இந்த நார்ப்பொருளைப் பிரித்தெடுத்து, அது இன்னதென்று 1838ல் காட்டியவர் பிரான்ஸ் தேசத்து அன்செல்ம் பாயென். அதற்குத்தான் செல்லுலோஸ் என்று பெயர். பஞ்சு, காகிதம், விறகு, சருகு எல்லாவற்றிலும் இருப்பது இதுவே.

இதே பாயென், பெர்சோ என்பவருடன் சேர்ந்து, 1833ல் முளைகட்டிய தானியத்திலிருந்து ஒரு சரக்கைப் பிரித்தெடுத்திருந்தார். அதைச் சிறிது போட்டால் மாவு சர்க்கரையாகக் கரைந்தது. இப்படிப்பட்ட சரக்குக்குத்தான் நொதி அல்லது என்சைம் என்று பெயர். அது உயிரல்ல, உயிர் செய்து வைத்துக்கொள்ளும் கருவி. இதை ஒப்புக்கொள்ள உலகத்துக்கு அதிக நாள் பிடித்தது. நொதித்தல் என்பது உயிருள்ள அணுவுக்குள் மட்டுமே நடக்கும் என்று பெரிய அறிஞராகிய பாஸ்டரே கருதினார். அவர் இறந்த இரண்டு வருஷத்தில், அதாவது 1897ல், ஜெர்மனியில் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, உயிரில்லாத அந்தச் சாறே சர்க்கரையைச் சாராயமாக்குவதைக் காட்டினார். 1907ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பாஸ்டர் சொல்லிவிட்டார், அதற்கு அப்பீல் இல்லை என்று யாராவது உட்கார்ந்திருந்தால் இந்தச் சாஸ்திரம் அங்கேயே நின்றிருக்கும். இதைத்தான் நம் பண்டிதர்கள் கவனிக்க வேண்டும்.

சரி, மாட்டு விஷயத்துக்கு வருவோம். பசுவின் உடம்பில் முப்பத்து முக்கோடி தேவர்கள் வாசம் செய்கிறார்கள் என்று சொல்லுகிறார்களல்லவா? கணக்குப் பார்ப்போம். மாட்டின் வயிறு நான்கு அறைகளாக இருக்கிறது. முதல் பெரிய அறையிலுள்ள சாற்றில் ஒரு மில்லிலிட்டர், அதாவது சில சொட்டு எடுத்துப் பார்த்தால், அதில் சுமார் 1000 கோடி பாக்டீரியாக் கிருமிகள் இருக்கின்றன! முப்பத்து முக்கோடி எந்த மூலைக்கு? தேவர்கள் வேலை செய்வதாக யாரும் கண்டதில்லை. இந்தக் கிருமிகளோ ராப்பகலாக வேலை செய்கின்றன. மாடு தன் உடம்பிலிருந்து வைக்கோலைக் கரைக்கும் நொதி எதையும் சுரப்பதில்லை. நம்மைப் போலவே அதுவும் வைக்கோல் விஷயத்தில் கையாலாகாத பிராணிதான். காற்றுப் புகாத அந்த வெதுவெதுப்பான அறையில் கிருமிகள் நாரை உடைத்துச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்க வைத்துக் காடியிலுள்ள அமிலம் போன்ற அமிலங்களாக வெளியே விடுகின்றன. அந்த அமிலங்கள்தான் மாட்டுக்கு முக்கியமான ஆகாரம். மிச்சப்படும் வாயு ஏப்பமாகப் போகிறது. சாண எரிவாயுக் கலத்தில் எரிகிறதே மீதேன், அதுதான் அந்த ஏப்பத்தில் இருக்கிறது. அது பூமியின் சூட்டைக் கூட்டுகிறதென்று உலகமெங்கும் இப்போது கவலைப்படுகிறார்கள்.

இதோடு நின்றதா? கிருமிகள் பெருகிப் பெருகிச் சாற்றோடு நாலாவது அறைக்குத் தள்ளப்படுகின்றன. அங்கே மாடு அவற்றையே செரித்துத் தன் சதைக்கு வேண்டிய புரதத்தை எடுத்துக்கொள்ளுகிறது. ஆகவே, "பசு சுத்த சைவம்" என்று சொல்லுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கோடானுகோடி உயிர்களைத் தினந்தோறும் விழுங்கிச் செரிக்கும் பிராணியை வைத்து நமக்குச் சைவம் போதிக்கிறார்கள்!

இந்தக் கிருமிகளைப் பிடித்து வளர்ப்பது லேசான காரியமல்ல. காற்றுப் பட்டால் செத்துவிடும். அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட் என்பவர், பிராணவாயுவை விரட்டிவிட்ட குழாய்க்குள் இவற்றை வளர்க்கும் உபாயத்தைக் கண்டு, நாரைக் கரைக்கும் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்தார். 1966ல் இதைப் பற்றிப் பெரிய புஸ்தகம் எழுதினார். அவர் முதலில் ஆராய்ந்தது கரையானை. நம் ஊரில் புற்றுக்குப் பால் வார்க்கிறார்கள்; முட்டை வைக்கிறார்கள். புற்றைக் கட்டுவது பாம்பல்ல, கரையான். கரையானிலும் பல இனங்கள் சொந்தத் திறமையால் மட்டும் மரத்தைத் தின்று பிழைப்பதில்லை. 1924ல் கிளீவ்லாண்ட் என்பவர் கரையானின் குடலிலிருந்த நுண்ணுயிர்களை மட்டும் கொன்றுவிட்டு, அதற்கு மரத்தைக் கொடுத்தார். அது வழக்கம்போல் மரத்தைத் தின்றது. தின்றுகொண்டே பட்டினியால் செத்தது!

இனி யுத்த காலத்துக் கதை ஒன்று. இரண்டாவது உலக யுத்தத்தில் பசிபிக் சமுத்திரத் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் பட்டாளத்துக்கு ஜப்பானியரைத் தவிர இன்னொரு எதிரியும் இருந்தது. கூடாரம், சட்டை, தோள்வார் எல்லாம் இற்றுக் கிழிந்தன. இதைத் தடுக்க வழி தேடும்படி ராணுவம் ஆராய்ச்சிக்காரர்களை ஏவிற்று. சாலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த போகன்வில் தீவில் கிடைத்த இற்றுப்போன துணியிலிருந்து ஒரு பூஞ்சணத்தை எடுத்தார்கள். எல்வின் ரீஸ் என்பவரும், பின்னால் மேரி மாண்டல்ஸ் என்ற அம்மையாரும் அதைப் பல வருஷங்கள் ஆராய்ந்தார்கள். அது கிருமியைப் போல் நாரைக் கரைக்கும் நொதிகளைத் தன் உடம்புக்கு வெளியே கொட்டுகிறது. 1977ல் அந்தப் பூஞ்சணத்துக்கு ரீஸின் பெயரையே வைத்தார்கள். அழுகலை நிறுத்தப் போனவர்கள், அழுகலை வேகப்படுத்துவது எப்படி என்று கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

நொதிகள் வேலை செய்யும் ஒழுங்கைக் கேளுங்கள். ஒரு பெரிய வடத்தை மூன்று ஆட்கள் பிரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் நடுவில் எங்கெங்கோ வெட்டுகிறான். அதனால் புதுப்புது முனைகள் உண்டாகின்றன. இரண்டாமவன் முனையைப் பிடித்து இரண்டிரண்டு கண்ணியாகக் கழற்றிக்கொண்டே போகிறான். மூன்றாமவன் அந்த இரண்டை ஒன்றொன்றாகப் பிளக்கிறான். மூன்றாமவன் சுணங்கினால் இரட்டைக் கண்ணிகள் குவிந்து மற்ற இருவர் வேலையும் தடைப்படும். வடம் இறுகியிருக்கும் இடத்தில் இந்த மூவருக்கும் முன்னால் வேறொருவன் தளர்த்திக் கொடுக்க வேண்டுமென்று ரீஸ் 1950லேயே சந்தேகப்பட்டார். பிராணவாயுவின் உதவியால் இழையை வெட்டித் தளர்த்தும் அப்படிப்பட்ட நொதியை 2010ல் நார்வே தேசத்தார் காட்டினார்கள். அறுபது வருஷம் அந்தக் கேள்வியை யாரும் கோயில் கட்டிக் கும்பிடவில்லை, சோதித்துக்கொண்டே இருந்தார்கள்.

1983ல் இஸ்ரேலில் பேயர், லாமெட் என்ற இருவர் இன்னொரு அதிசயம் கண்டார்கள். 60 டிகிரி சூட்டில் வாழும் ஒரு பாக்டீரியா நார்மேல் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்கப் போனார்கள். அதன் உடம்பின் மேல் பல நொதிகளை ஒரே சட்டத்தில் வரிசையாகப் பூட்டிய இயந்திரம் இருப்பது தெரிந்தது. ஒட்டும் பசையும் வெட்டும் கத்தியும் ஒரே இடத்தில்!

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். துணி துவைக்கும் பவுடரிலும் ஜீன்ஸ் துணியை வெளுக்க வைப்பதிலும் இந்த நொதிகள் ஏற்கனவே வந்துவிட்டன. பெரிய காரியம் வைக்கோலில் இருக்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்தவுடன் கோதுமை விதைத்தாக வேண்டும். நடுவில் சில வாரமே அவகாசம். தாளை அகற்றக் கூலி கொடுக்க விவசாயியிடம் பணமில்லை, கொளுத்துகிறான். டில்லியில் மூச்சு முட்டுகிறது. உடனே விவசாயியைக் குற்றவாளி என்கிறார்கள். தாளை வயலிலேயே மட்க வைக்க, டில்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தார் பூஞ்சணக் கலவை செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது மட்க மூன்று வாரத்துக்கு மேலாகிறது. அவனுக்கோ அத்தனை நாள் கிடைப்பதில்லை. பானிப்பட்டில் 2022ல் வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலைச் சாராயமாக்கி மோட்டாருக்கு ஊற்றுவதற்கென்று ஒரு ஆலை திறந்தார்கள். அதில் வேலை செய்வதும் நான் சொன்ன நொதிகள்தான். எல்லாம் சுலபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் சோளத்தட்டைக்காக டூபாண்ட் கம்பெனி 2015ல் திறந்த பெரிய ஆலையை 2017லேயே நிறுத்திவிட்டார்கள். நாரைச் சுற்றி லிக்னின் என்ற கெட்டிப் பசை இருக்கிறது. அதை விலக்கச் செலவு, நொதிக்குச் செலவு, தட்டையைச் சேர்த்துக் கொண்டுவரச் செலவு.

இதில் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்துக் காயல்களில் தேங்காய் மட்டையை மாதக்கணக்காக ஊறப்போட்டு நார் எடுக்கிறார்கள். நாரைப் பிணைத்திருக்கும் பசையைத் தின்று விடுவிப்பது பாக்டீரியா. துர்நாற்றத்தைச் சகித்துக்கொண்டு மட்டையை அடித்துக் கயிறாக்கியவர்கள் ஏழைப் பெண்கள். கயிறு சுத்தம், தேர்வடம் சுத்தம், அடித்தவள் மட்டும் அசுத்தம் என்பது எந்த ஊர் நியாயம்?

நேரமாகிவிட்டது. சந்தேகமிருப்பவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்று கேட்கலாம். பூதக்கண்ணாடி ஒன்று தருவித்து வைத்திருக்கிறோம். கரையானைப் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு இடது பக்கம் வரிசையாக வாருங்கள். குழந்தைகளை முன்னால் விடுங்கள்.