மடிக்கணினியும் இசைப்பெட்டியும்



இலக்கியமும் வரலாறும் படித்த ஒருவனுக்குக் கணினியிலும் கம்பி வடத்திலும் என்ன வேலை என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். பாடசாலை அதிபராய் இருப்பவர் கூரை ஒழுக்கு முதல் ஒலிபெருக்கி வரை யாவற்றுக்கும் மறுமொழி கூற வேண்டியவர் என்பதை அவர்கள் அறியார் போலும்.

2023ஆம் ஆண்டு, எங்கள் பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் மாலை. எங்களிடம் நெடுங்காலம் சங்கீதம் கற்பித்துக் காலமான ஆசிரியை ஒருவரின் பாட்டுக்களைப் பழைய மாணவர் ஒருவர் ஒலிநாடாக்களிலிருந்து கணினிக்கு மாற்றித் தந்திருந்தார். அவற்றை ஒலிக்கச் செய்ய வலையமைப்பு இசைப்பெட்டி ஒன்றையும் அனுப்பியிருந்தார். இப்பெட்டிக்குள் பாட்டு எதுவும் இல்லை. கணினியிலுள்ள பாட்டை வலையமைப்பு வழியே கேட்டு வாங்கி, ஒலிபெருக்கிக்குக் கொடுப்பதே அதன் தொழில். வீடுகளில் இவ்விரண்டுக்கும் நடுவே றவுட்டர் என்னுங் கருவி இருக்கும். எங்கள் மண்டபத்தில் அது இல்லை.

ஆகவே, ஈதர்நெட் வடத்தின் ஒரு முனையை மடிக்கணினியிலும் மறு முனையைப் பெட்டியிலும் செருகினோம். பச்சை விளக்கு எரிந்தது, பாட்டு வரவில்லை. வடம் பழுதென்று எண்ணி வேறொன்றை மாற்றினோம். முன்னாளில் இரு கருவிகளை நேரே இணைக்க, உள்ளிழைகளை மாற்றிக் கட்டிய தனி வடம் வேண்டியிருந்தது. இக்காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலும் அம்மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளும். குறை வடத்தில் இல்லை.

குறை முகவரியில் இருந்தது. தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி இலக்கம் வழங்குவது றவுட்டரின் பணிகளுள் ஒன்று. வழங்குவார் இல்லாதபோது, மடிக்கணினி சற்று நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு 169.254 எனத் தொடங்கும் இலக்கமொன்றைத் தானே சூட்டிக்கொள்கிறது. பெட்டியும் அவ்வாறே செய்யுமாயின் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளக்கூடும். எங்கள் பெட்டியோ இலக்கம் வரும், வரும் என்று காத்தே இருந்தது. வீட்டிலக்கம் இல்லாத வீட்டுக்குத் தபாற்காரர் எவ்வாறு கடிதம் சேர்ப்பார்?

அருகில் நின்ற உயர்தர வகுப்பு மாணவன், "சேர், நாங்களே இலக்கம் போடுவம்" என்றான். மடிக்கணினிக்கு 192.168.10.1, பெட்டிக்கு 192.168.10.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. முதல் மூன்று எண்களும் தெருவின் பெயர் போன்றவை. இரண்டிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கடைசி எண் வீட்டிலக்கம். அது வேறுபடல் வேண்டும். கம்பியில்லா வலையமைப்பில் அதே தெரு முன்னரே இருக்குமாயின் வேறொரு தெருவைத் தெரிவுசெய்க. கேட்வே என்று கேட்கும் இடத்தை மடிக்கணினியில் வெறுமையாக விட்டான். மடிக்கணினியின் இணையத் தொடர்பு குழம்பாதிருக்க அதுவே வழியாம். பெட்டியில் இணைய வானொலியுங் கேட்க விரும்புவோர், விண்டோஸில் உள்ள இணையப் பகிர்வு வசதியைத் தொடக்கினால், மடிக்கணினியே பெட்டிக்கு இலக்கம் வழங்கும்.

இவ்வளவு செய்தும் பெட்டி பாட்டுக்களைக் காணவில்லை. அறியாத வலையமைப்பைப் பொது இடமாகக் கருதி, விண்டோஸின் பாதுகாப்புச் சுவர் கதவை அடைத்திருந்தது. சுவரை முழுதாக இடித்துவிடுவது பேதைமை. பாட்டு வழங்கும் மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம். நாங்கள் கையாண்டது, இப்போது லிரியன் மியூசிக் சேர்வர் எனப்படும் மென்பொருள். அது மடிக்கணினியில் இயங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

வடத்தின் வலுவைப் பற்றி ஐயம் வேண்டாம். இசைத்தட்டின் தரத்தில் ஒலி, செக்கனுக்கு ஏறத்தாழ 14 இலட்சம் பிற்றுக்கள். சாதாரண வடம் 10 கோடியைத் தாங்கும்.

பாட்டு எழுந்தது. எல்லாரும் மூச்சு விட்டோம். இரண்டாம் பாட்டின் அனுபல்லவியில் மீண்டும் மௌனம்! எவரும் தொடாதிருந்தமையால் மடிக்கணினி உறங்கிவிட்டது. உறங்காதிருக்கவும், மூடியைச் சாத்தினாலும் இயங்கவும் மாணவன் ஒழுங்கு செய்தான்.

மறுநாள் விழாவில் ஒலித்த மூன்றாம் பாட்டின் நடுவே, நாடாவில் பதிந்திருந்தபடியே, "சுருதி, சுருதி!" என்று ஆசிரியை ஒரு பிள்ளையை அதட்டினார். முன் வரிசையில் இருந்த நரைத்த தலைப் பழைய மாணவியர் சிலர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தனர்.