குழந்தையின் ஞானஸ்நானமும் பெற்றோரின் ஆயத்தமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாமும் கல்வியைப் பற்றியே பேசப் போகிறோம். ஆனால் அதனைப் பள்ளி வாயிலில் தொடங்காமல் ஆலய வாயிலில் தொடங்க விரும்புகிறோம். நம் சங்கத்தில் அம்மன் கோயிலுக்குச் செல்வோர் உண்டு, பௌத்தம் தழுவியோர் உண்டு, கிறித்தவர்களும் உண்டு. ஒரு வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் தெரு முழுவதும் கூடுகிறது. ஆதலின் இதனை ஒரு சபையாரின் செய்தி என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டா.

ஞானஸ்நானத்திற்கு ஆயத்தம் என்றவுடன் நம்மவர் மனத்தில் முதலில் எழுவன யாவை? வெள்ளைச் சட்டை, பந்தல், ஒலிபெருக்கி, அழைப்பிதழ், கறி விருந்து. சில ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் திடீரென்று பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். தங்கையின் ஞானஸ்நான விருந்துக்கு வாங்கிய கடனை அடைக்க அவன் செங்கற்சூளைக்குச் சென்றிருந்தான். தந்தை பிள்ளைகளின் மேல் உயிரையே வைத்திருந்தவர். "நாலு பேர் முன்னால் தாழ்ந்து போகக் கூடாது பாருங்க, ஐயா" என்றார். தலைமுறை தலைமுறையாகப் பிறர் வீட்டு விருந்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் வலி அச்சொல்லில் இருந்தது. அதனால் நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து மாணவனை மீண்டும் வகுப்பில் அமர்த்தினோம். இழந்த மூன்று மாதப் பாடம் அவனை ஆண்டுத் தேர்வு வரையில் துரத்திற்று.

அன்பர்களே, ஆலயம் கேட்பது விருந்தன்று. சிறிது தண்ணீர், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் திருநாமம், பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தரும் வாக்கு ஆகியவையே அச்சடங்கின் உயிர்நிலை. தென்னிந்தியத் திருச்சபையாயினும், லுத்தரன் திருச்சபையாயினும், கத்தோலிக்கத் திருச்சபையாயினும் இதில் வேறுபாடில்லை. ஞானஸ்நானம் வாழ்வில் ஒரே முறை தரப்படுவது, மீண்டும் செய்யப்படுவதில்லை. ஆதலின் அதற்குரிய ஆயத்தமும் ஒரே முறைதான் வாய்க்கும்.

இந்தத் தண்ணீரைத் தேடி நம் முன்னோர் ஏன் சென்றனர் என்பதையும் நினைவு கூர்வோம். சீகன்பால்கு 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மறு ஆண்டு, 1707 மே 12ஆம் நாள், அவ்விடத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் தேனியரிடம் அடிமைகளாக இருந்தோர். பெயர் சொல்லி அழைக்கப்படாத மனிதர்க்கு ஆலயத்தில் ஒரு பெயர் கிடைத்தது; ஏட்டில் ஓர் இடம் கிடைத்தது. எனினும் சாதி ஆலயத்துக்குள்ளும் நுழைந்தது. ஒரே தொட்டித் தண்ணீரைப் பெற்றோர் தனித்தனி வரிசைகளில் அமர்த்தப்பட்டனர். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்து, சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிடுமாறு ஆணையிட்டார். அதற்குப் பின்னரும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களின் நடுவே சுவர் நின்றது. குழந்தையைத் தொட்டியருகே கொண்டு செல்லும் பெற்றோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

இனி ஆயத்தத்திற்கு வருவோம். முதலாவது, ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுத்தல். சங்கிலி போடுவார், மோதிரம் போடுவார் என்று கருதி வசதி படைத்தவரைத் தேடுகிறோம். அவரோ அன்று வந்து, புகைப்படத்திற்கு நின்று, பின்னர் குழந்தையின் பெயரையும் மறந்துவிடுகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஞானப்பெற்றோர் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராகவும் உறுதிபூசுதல் பெற்றவராகவும் அப்பொறுப்புக்கேற்ற வாழ்க்கை உடையவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிற சபைகளிலும் அவர்கள் குழந்தையை நல்வழியில் வளர்ப்பதாகச் சபையார் முன் வாக்களிக்கின்றனர். வேதத்தை வாசிக்கச் செய்வோம் என்பவர், முதலில் அக்குழந்தைக்கு வாசிக்கக் கற்பிக்க வேண்டாவா? ஆகவே குழந்தை ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்ததா, பத்தாம் வகுப்பில் தடுமாறுகிறதா என்று வந்து விசாரிக்கக் கூடிய ஒருவரைத் தேடுங்கள். அவர் உங்கள் தெருவில் முதலில் பட்டம் பெற்ற தங்கையாக இருக்கலாம். இளைஞர்களே, உங்களை எவரேனும் இப்பொறுப்புக்கு அழைத்தால், பரிசு வாங்கப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். ஆண்டுதோறும் நான்கு குறிப்பேடும் ஒரு மாலை நேரமும் போதும்.

இரண்டாவது, பெயரும் பதிவும். வீட்டில் ஒரு பெயர், ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்று மூன்று பெயரோடு பிள்ளைகள் எம் மேசை முன் வந்து நிற்பதுண்டு. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பெயர் சூட்டாமல் பதிந்திருப்பின், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் 15 ஆண்டு வரையில் கட்டணத்துடன் சேர்க்கலாம். முற்காலத்தில் ஆலயம் தந்த ஞானஸ்நானச் சான்று வயதுக்குச் சான்றாயிற்று. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எனவே ஞானஸ்நானத்திற்கு முன்பே பெயரை முடிவு செய்து, எழுத்துப் பிழையின்றி இரு பதிவுகளிலும் ஒன்றாக எழுதச் செய்யுங்கள்.

மூன்றாவது செய்தி கசப்பானது; ஆயினும் மறைத்தல் தகாது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை, பொதுவாக இந்து சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அக்கதவு திறந்தது, கிறித்தவர்க்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவரானோர், எத்தலைமுறையில் மாறியவராயினும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். 2023 ஏப்ரலில் நம் சட்டப்பேரவை இவ்வநீதியைக் களையுமாறு ஒன்றிய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் 2024 நவம்பர் 26ஆம் நாள் புதுச்சேரிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கோருவதை உச்சநீதிமன்றம் மறுத்தது. அவ்வழக்கில் குழந்தைப் பருவத்து ஞானஸ்நானப் பதிவும் சான்றாக நின்றது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் தன் சமுதாயச் சான்றிதழ் எவ்வகையது என்று அறிந்து, எம் அறையில் அழுதாள். "ஊரில் எங்களைத் தெருவுக்கு வெளியேதானே சார் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. இரு பெயர் வைத்து வாழும் பெற்றோரைப் பழித்துரைக்க நாம் இங்கு நிற்கவில்லை. அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது எது என்பதை அறிவோம். நாம் வேண்டுவது இதுவே: அறியாமல் செய்யாதீர்கள். ஆயரிடம் நாள் குறிக்குமுன் கணவனும் மனைவியும் அமர்ந்து பேசுங்கள். நம்பிக்கையின் பொருட்டு இழப்பை ஏற்பதாயின் தலைநிமிர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை விவரம் அறியும் வயதில் உண்மையைச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைகளில் கிறித்தவரான ஆதிதிராவிட மாணவர்க்கும் இடமுண்டு என்பதை அறிந்து, உரிய நாளில் விண்ணப்பியுங்கள். சட்டம் மாற நாம் அனைவரும், எச்சமயத்தவராயினும், ஒன்றாகக் குரல் கொடுப்போம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். விருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வந்தவர்க்குத் தேநீரும் ஒரு பலகாரமும் கொடுங்கள். மிஞ்சிய பணத்தை அன்றே குழந்தையின் பெயரில் அஞ்சலகத்தில் இடுங்கள். பெண் குழந்தையாயின் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 250 ரூபாயிலேயே கணக்குத் தொடங்கலாம். உறவினர் மொய்யையும் அதிலேயே சேருங்கள். இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் இளைஞரும் இவ்வாண்டு ஒரு குழந்தையின் படிப்புக்குப் பொறுப்பேற்பீர்களாயின், நம் சங்கத்தின் பொன்விழாவில் அக்குழந்தைகளே இம்மேடையில் நின்று பேசுவர்.