தண்ணீர் நின்றால் செய்தி யாருக்குப் போகிறது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் மூன்று டிவிசன்களிலும் உள்ள தண்ணீர்த் தாங்கிகளுக்கு சென்சர் பொருத்தித் தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. நிர்வாகம் சம்மதம் சொல்லிவிட்டது. குடியிருப்பாளர்கள் சார்பில் கமிட்டியும் கையொப்பமிட வேண்டும் என்று கடதாசி அனுப்பியிருக்கிறார்கள். போடலாமா, வேண்டாமா என்று இரண்டு வாரமாகப் பலர் கேட்கிறீர்கள். போடலாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் இப்போது கையில் இருக்கிற கடதாசியில் போட முடியாது. ஏன் என்று விளக்கத்தான் இன்று இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

முதலில் அந்தச் சாமான் என்னவென்று பார்ப்போம். பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. தாங்கிக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்க ஒரு கருவி. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று எண்ண ஒரு மீற்றர். இரண்டையும் சேர்த்து ஒரு சிறு பெட்டி, பற்றரி, ஒரு சிம் அட்டை. பெட்டி குறித்த நேரத்துக்கு ஒருமுறை அளவை அனுப்பும். தண்ணீர் குறைந்தால் யாருடைய கைத்தொலைபேசிக்கோ செய்தி வரும். அந்த "யாருடைய" என்ற இடத்தில்தான் எங்கள் கேள்வி இருக்கிறது.

இப்போது தண்ணீர் நின்றது எங்களுக்கு எப்படித் தெரிகிறது? விடியற்காலை நாலரை மணிக்குக் குடத்தோடு போகிற பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அவர் கீழே பீலிக்கு இறங்கி, வரிசையில் நின்று, ஏறி வந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பிரட்டுக்குப் போகும்போது நேரம் பிந்திவிடும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். பெரிய பிள்ளைகளும் குடம் தூக்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் முதலாவது பாடவேளைக்கு வராத பிள்ளைகளின் பெயரைப் பார்த்தாலே எந்த லயத்தில் தண்ணீர் இல்லை என்று எங்களால் சொல்லிவிட முடியும். எங்கள் வரவு இடாப்பும் ஒரு சென்சர்தான். என்ன, அதைப் பார்த்து யாரும் பைப் திருத்த வருவதில்லை.

இந்தக் கருவி வெளிநாட்டில் எப்படி வேலை செய்தது என்று தேடிப் படித்தோம். இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று கென்யாவின் கிட்டுய் மாவட்டத்தில் இருக்கிற கியூசோ. வறண்ட பகுதி. மக்கள் கைப்பம்பில் அடித்துத்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் பம்பின் கைப்பிடிக்குள் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். கைப்பிடி எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று அது எண்ணும். எண்ணிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். அசைவே இல்லாமல் போனால் பம்பு பழுது என்று சந்தேகிக்கலாம். இப்படி 66 பம்புகளில் ஒரு வருடம் செய்து பார்த்தார்கள். முன்பு ஒரு பம்பைத் திருத்தச் சராசரியாக 27 நாள் எடுத்தது. இது வந்த பிறகு மூன்று நாளுக்குள் திருத்தினார்கள். ஆனால் செய்தி கிடைத்ததும் புறப்படுவதற்கென்று சம்பளத்துக்கு ஒரு மெக்கானிக் குழு அங்கே இருந்தது. அதை மறந்துவிட்டு 27, மூன்று என்று எண்ணிக்கையை மட்டும் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

மற்றது ருவாண்டா. எங்களுக்கு இதுதான் முக்கியம். 2014இல் அங்கே மூன்று மாகாணங்களில் 181 பம்புகளுக்கு சென்சர் பூட்டினார்கள். எல்லாப் பம்புக்கும் ஒரே கருவி. ஆனால் பம்புகளை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவில் வழமையாக நடக்கிற பராமரிப்பு. இரண்டாவது பிரிவில் மெக்கானிக்குகள் முறைபோட்டுச் சுற்றி வந்து பார்த்தார்கள். மூன்றாவது பிரிவில் மட்டும் சென்சர் சொல்கிற செய்தியைத் திருத்துகிறவர்களின் கையில் கொடுத்தார்கள். அம்புலன்ஸ் மாதிரி, செய்தி வந்ததும் அவர்கள் புறப்பட வேண்டும். ஏழு மாதம் பார்த்தார்கள். நடுத்தரமாக எடுத்துக்கொண்டால், பழுது திருத்த முதல் பிரிவில் ஏறத்தாழ 152 நாள். இரண்டாவதில் 57 நாள். மூன்றாவதில் 21 நாள். முதல் பிரிவில் பம்புகள் வேலை செய்தது 68 வீதம், மூன்றாவதில் 91 வீதம்.

தோழர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 152 நாள் காத்திருந்த கிராமங்களிலும் சென்சர் இருந்தது. பம்பு நின்றது அந்தக் கருவிக்குத் தெரியும். அது ஒவ்வொரு நாளும் சரியாக எழுதி அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. திருத்துகிறவர்களின் கைக்கு அந்தச் செய்தி போகவில்லை, அவ்வளவுதான்.

இனி எங்களுக்கு வந்த கடதாசிக்கு வருவோம். செய்தி தோட்ட ஆபிஸ் கம்பியூட்டருக்கும் திட்டக்காரர்களின் கொழும்பு அலுவலகத்துக்கும் போகும் என்று எழுதியிருக்கிறார்கள். லயத்தில் ஒருவருக்கும் போகாது. பழுது என்றால் யார் வருவது, எத்தனை நாளுக்குள் வருவது, சாமானுக்கு யார் காசு கொடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை. அப்படியென்றால் நாங்கள் ருவாண்டாவின் முதல் பிரிவில்தான் இருப்போம்.

எனவே செய்தி ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பேருடைய தொலைபேசிக்கு நேரே வர வேண்டும். தமிழில் வர வேண்டும். தாங்கியையும் மலையிலிருந்து வருகிற பைப்பையும் பார்ப்பதற்கு ஒரு தொழிலாளிக்கு முழுப் பேர் போட வேண்டும். கொழுந்து மலையிலிருந்து பாதியில் இழுத்துவிட்டு, பிறகு அந்தப் பேரை வெட்டுகிற கதை வேண்டாம். சொக்கெட், வால்வு, பைப் என்று அடிக்கடி போகிற சாமான் டிவிசனிலேயே இருக்க வேண்டும். செய்தி வந்த நேரமும் திருத்திய நேரமும் ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும். மூன்று நாளுக்கு மேல் போனால் நிர்வாகம் பவுசரில் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. தாங்கிக்கு மட்டும் மீற்றர் போதாது. அதே ஊற்றிலிருந்து தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் போகிற குழாய்களுக்கும் மீற்றர் பூட்டச் சொல்ல வேண்டும். வரட்சி மாதத்தில் யாருடைய தண்ணீர் முதலில் குறைகிறது என்று வருடக்கணக்காக வாய்ப்பேச்சில்தான் சண்டை பிடிக்கிறோம். எழுத்தில் கணக்கு இருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் வேறு மாதிரிப் பேசலாம். இந்த மீற்றரைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இரவுக் கணக்கைப் பார்க்கவும் பழக வேண்டும். எல்லோரும் குழாயை மூடிப் படுத்த பிறகு, இரவு பதினொரு மணியிலிருந்து காலை நாலு மணிக்குள் தாங்கியில் 1000 லீற்றர் குறைந்திருந்தால், மணிக்கு 200 லீற்றர் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஊற்றுத் தண்ணீரும் தாங்கிக்குள் வந்துகொண்டிருந்தால் ஒழுக்கு அதைவிடக் கூட. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது.

கருவியால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். தாங்கி நிறைந்திருக்கிறது என்று அது சொல்லும். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று சொல்லாது. மேலே மரக்கறித் தோட்டத்தில் அடித்த மருந்து மழையோடு இறங்கியதா, மலக்கிருமி கலந்ததா என்பதற்குப் போத்தலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் வேண்டும். "சென்சர் இருக்கிறதே" என்று சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவதை யாரும் நிறுத்திவிடக் கூடாது. மழைக்காலத்தில் மூன்று நான்கு நாள் வெயிலே தெரியாத எங்கள் மலையில் சோலர் பலகை பற்றரிக்கு எவ்வளவு சார்ஜ் ஏற்றும் என்றும் கேளுங்கள். பள்ளத்து லயங்களில் சிக்னல் இல்லை. குறைந்த மின்சாரத்தில் கிலோமீற்றர் கணக்கில் அனுப்புகிற ரேடியோ முறை இருக்கிறது. ஆனால் அதை வாங்குகிற பெட்டியைத் தொழிற்சாலைக் கூரையில் வைக்கப் போகிறார்களாம். பள்ளிக்கூடக் கூரையும் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே வைத்தால் திறப்பு யாரிடம் என்ற பிரச்சினை வராது.

செலவு பற்றிப் பேச்சு வரும்போது "மக்கள் பங்களிப்பு" என்பார்கள். கென்யாவில் அந்த வேலை இன்று ஒரு பராமரிப்பு நிறுவனமாக நடக்கிறது. மக்கள் மாதக் காசு கட்டுகிறார்கள். அது போதாமல் ஒரு பராமரிப்பு நிதியம் மிகுதியைக் கொடுக்கிறது. அவர்களாலேயே பாவனையாளரின் காசில் மட்டும் நடத்த முடியவில்லை என்றால், நாட்சம்பளக்காரர்களான எங்களிடம் எப்படிக் கேட்பது? பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று சபைகள் தட்டிக்கழிக்க முடியாது. நிர்வாகத்துக்குப் போகிற எங்கள் கடிதத்தின் பிரதி சபைக்கும் போக வேண்டும். லீற்றருக்கு இவ்வளவு என்று காசு வெட்டுகிற வேலைக்கு இந்த மீற்றரைப் பாவிக்க மாட்டோம் என்று கடதாசியில் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும்.

திருத்திய கடதாசியை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு கமிட்டிக்கும் ஒரு பிரதி கிடைக்கும். லயத்தில் வாசித்துக் காட்டுங்கள். வருகிற ஞாயிறு கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, செய்தி வர வேண்டிய இரண்டு பேருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒருவராவது காலையில் குடம் தூக்குகிற பெண்ணாக இருக்கட்டும்.