மண்ணுக்குள்ளே ஒரு கையிருப்பு

(கோணேசர் தரிசனத்துக்கு வந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஆற்றிய உரை)



சாமி கும்பிட்டாச்சு, கடலும் பார்த்தாச்சு. இனி ஊருக்குத் திரும்பப் போறீங்க. கருவாட்டுப் பொட்டலத்தோடு மரவள்ளித் தடியும் கட்டி வைத்திருக்கிறதாகச் சில பேர் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் தடியை எப்படித் தெரிவு செய்வது, எங்கே நடுவது, கிழங்கை எப்படிச் சமைப்பது, இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு கொண்டு போகணும்.

மலையகத்துச் சனம் இந்தத் திருகோணமலை, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஏன் வந்தது என்று பெரியவங்களுக்குத் தெரியும். 1973இல் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. மாவுக்கும் தட்டுப்பாடு. 1974இல் தோட்டங்களில் சாவு கடுமையாக உயர்ந்தது. அந்தப் பசியிலே புறப்பட்ட குடும்பங்களும், 1977 கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களும் இங்கே காடு வெட்டிக் குடியேறினார்கள். பஞ்ச காலத்தில் கிராமத்தவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் அவர்களுக்குக் கிழங்கு நட ஒரு துண்டு மண் இருந்தது. நம்ம சனத்துக்கோ லயத்து வாசலைத் தவிர வேறு மண் இல்லை. 2022இல் விலைவாசி தலைக்கு மேலே ஏறியபோதும் அதே பாடத்தைத்தான் படித்தோம். கொழுந்து சம்பளம் தரும். ஆனால் கொழுந்தை அவித்துப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

இன்று ஏழு பேர்ச், பத்து பேர்ச் காணியில் வீடு கிடைத்தவர்கள் இருக்கிறீர்கள். வீடு போக ஒரு பேர்ச் மிஞ்சினாலும் போதும். ஒரு பேர்ச் என்றால் 272 சதுர அடி. மூன்றடிக்கு மூன்றடி நட்டால் 30 மரவள்ளி நிற்கும். செடிக்கு 2 கிலோ கிடைத்தாலும் 60 கிலோ. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டியதில்லை. இன்றைக்கு ஒரு செடி, அடுத்த கிழமை ஒரு செடி என்று எடுக்கலாம். ரொம்ப நாள் விட்டால் மட்டும் நார் வைத்துவிடும். லயத்தில் இருக்கிறவர்கள் தரிசு நிலத்தில் நடுவதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி தடியைப் பார்ப்போம். இலை மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்து, சுருண்டு கிடக்கிற செடியில் தடி வெட்டவே கூடாது. அது தேமல் நோய். அதற்குக் காரணமான ஒரு வைரசுக்கு நம் இலங்கையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது 2015இல் கம்போடியாவில் காணப்பட்டு, பிறகு அயல் நாடுகளுக்கும் பரவியது. பரப்புவது இரண்டு: ஒன்று வெள்ளை ஈ, மற்றது நம்ம கை வெட்டிக் கொடுக்கிற நோய்த் தடி. இலையைப் பார்க்காமல் தடியை மட்டும் வாங்கினவங்க, தயவுசெய்து அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். ஒரு தடியாலே ஒரு தோட்டத்துக்கே நோய் போய்ச் சேரலாம்.

நோயில்லாத, முற்றிய செடியின் நடுத்தண்டில் எட்டு முதல் பத்து அங்குலத் துண்டு போதும். கிரிகாவடி, எம்.யூ. 51 போன்ற இனங்கள் இருக்கின்றன. விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நுவரெலியா போன்ற கடும் குளிரில் மரவள்ளி தேங்கி நிற்கும். அங்கே உருளைக்கிழங்குதான் பொருத்தம்.

சரிவிலே நடும்போது மேலிருந்து கீழாக வரிசை போடாதீர்கள். தேயிலை மலையில் கான் வெட்டுவது எதற்கென்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே மாதிரி குறுக்காகவே வரிசை பிடித்து, இடையில் போஞ்சியோ பயறோ போடுங்கள். கிழங்கு பிடுங்கும்போது மண் இளகும். அதனாலே வீட்டுக்கு மேலே நிற்கிற செங்குத்துச் சரிவில் மரவள்ளி வேண்டவே வேண்டாம்.

தாய்மாரே, அடுத்தது சமையல். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதே என்று வீட்டுக்கு வீடு சொல்லுவாங்க. இஞ்சியைப் பார்த்துப் பயப்படுகிறோம். நஞ்சு கிழங்குக்குள்ளேயே இருப்பதை மறந்துவிடுகிறோம். கிழங்கு வெட்டுப்பட்டு நசுங்கும்போது சயனைட் நஞ்சு வெளிப்படும். எனவே தோலை முழுதாக உரித்து, சின்னத் துண்டாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கிற கிழங்கை வீசிவிடுங்கள். பிடுங்கியதை ஓரிரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. நீலக் கோடு, கறுப்புக் கோடு ஓடியிருந்தால் தொடவே கூடாது. இலையையும் நன்றாக அவித்த பிறகே சாப்பிடணும். சாப்பிட்ட பின் வாந்தி, தலைச்சுற்று, மூச்சுத் திணறல் வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மரவள்ளி வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதச்சத்து மிகக் குறைவு. வெறும் கிழங்கோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். பருப்போ, நெத்தலிக் கருவாடோ, முட்டையோ கூடச் சேரட்டும்.

ஒரே கிழங்கை நம்பியும் இருக்கக்கூடாது. பக்கத்து மேட்டுப் பாத்தியில் வத்தாளங்கிழங்குக் கொடி நடுங்கள். நாலு மாதத்துக்குள் கிழங்கு வரும். இளம் இலையும் கறிக்கு ஆகும். கிழங்கு வெளியே தெரிந்தால் வண்டு துளைக்கும். அதனாலே அவ்வப்போது மண் அணையுங்கள். செம்மஞ்சள் சதையுள்ள இனம் கிடைத்தால் விடவே வேண்டாம். அதில் கண்ணுக்குத் தேவையான விற்றமின் ஏ சத்து உண்டு. அந்த இனத்தை ஆபிரிக்காவில் வளர்த்துப் பரப்பிய விஞ்ஞானிகளுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது.

நான் தேயிலையை விடச் சொல்லவில்லை. சம்பளப் போராட்டத்தை விடவும் சொல்லவில்லை. கடையில் அரிசி இல்லாத நாளிலும், கையில் காசு இல்லாத நாளிலும் நம்ம மண்ணுக்குள்ளே ஒரு கையிருப்பு கிடக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். ஊருக்குப் போனதும் வீட்டுக்குப் பத்துத் தடியாவது நட்டுவிடுங்கள். நல்ல தடியாகப் பார்த்து நடுங்கள்.